தீட்டும் தூய்மையும்: பண்டைய யூத மரபிலும் தொடக்கக் கிறித்தவத்திலும்

பண்டைய யூத சமயத்தில் தூய்மை (எபிரேயத்தில் தஹாரா) என்பது, இறைவன் உறையும் இடமாகக் கருதப்பட்ட ஆலயத்தையும் அதன் படையல்களையும் அணுகுவதற்குரிய நிலை. அந்நிலை நீங்கியிருப்பதே தீட்டு (தூமா). இதற்கான விதிகள் லேவியராகமம் 11 முதல் 15 வரையான அதிகாரங்களிலும் எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்திலும் விரிவாக உள்ளன. பிணம், சில விலங்குகளின் செத்த உடல், மகப்பேறு, மாதவிடாய், விந்து, செதில் படரும் தோல்நோய் ஆகியவை தீட்டுக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

இத்தீட்டு பாவம் அன்று. பெற்றோரை அடக்கம் செய்வது மகனின் கடமை, பிள்ளைப்பேறு இறைவனின் ஆசி. இரண்டுமே தீட்டை உண்டாக்கின. தீட்டுப்பட்டவர் அதனாலேயே குற்றவாளி ஆவதில்லை. அந்நிலையில் ஆலயத்துள் நுழைவதும் படையலை உண்பதுமே குற்றம். கொலை, முறைகேடான பாலுறவு, சிலை வழிபாடு ஆகியவை நாட்டையே மாசுபடுத்தும் என்ற வேறொரு கருத்தும் இந்நூல்களில் உண்டு. அந்த மாசு நீராடினால் போவதில்லை. இவ்வேறுபாட்டைக் காணாமல், யூதர் உள்ளத்தை விட்டு உடலையே கழுவிக்கொண்டிருந்தனர் என்று எழுதிய பழைய கிறித்தவ உரைகள் அச்சமயத்துக்குப் பெரும் அநீதி இழைத்தன.

தீட்டுகளுள் பிணத்தீட்டே கடுமையானது. அது ஏழு நாள் நீடிக்கும்; செந்நிறக் கிடாரியை எரித்த சாம்பலை ஊற்றுநீரில் கலந்து மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளித்தால்தான் நீங்கும். எளிய தீட்டுகளுக்கு நீராடிவிட்டு மாலை வரை காத்திருத்தல் போதும். இவ்வாறு மூழ்குவதற்கான குளம் மிக்வே எனப்படும். மழைநீரோ ஊற்றுநீரோ தானாக வந்து சேர்ந்து 40 சேயா அளவேனும் இருக்க வேண்டும் என்பது, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா கூறும் விதி. பாறையில் குடைந்து படிகள் அமைத்த இத்தகைய குளங்கள் எருசலேம், கும்ரான், மசாடா உள்ளிட்ட இடங்களில் நூற்றுக்கணக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மண்பாண்டத்தைத் தீட்டுப் பற்றும், கல்லைப் பற்றாது என்ற நம்பிக்கையால் சுண்ணக்கல் கலங்களும் பெருகின. கானா ஊர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்ததாக யோவான் நற்செய்தி கூறுவதன் பின்னணி இதுவே.

மனந்திரும்பாதவனை எந்த நீரும் தூய்மையாக்காது என்று கும்ரானில் வாழ்ந்த யூதச் சமூகத்தின் ஒழுங்குநூல் இயேசுவுக்கு முன்னரே வலியுறுத்தியிருந்தது. அறவாழ்வால் ஆன்மா முன்னரே தூய்மையடைந்த பின் உடலைத் தூய்மையாக்குவதே திருமுழுக்கு யோவான் அளித்த முழுக்கு என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதினார். எனவே, மனிதனின் உள்ளத்திலிருந்து வெளிவருவதே அவனைத் தீட்டுப்படுத்தும் என்று மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இயேசு கூறுவதை, யூத மரபுக்கு அயலான குரலாகக் கொள்வதைவிட, அம்மரபுக்குள்ளேயே நடந்த வாதமாகக் கொள்வதே பொருந்தும். தாம் குணமாக்கிய தோல்நோயாளியை, ஆசாரியரிடம் உடலைக் காட்டி உரிய காணிக்கை செலுத்துமாறு அனுப்பியவரும் அவரே.

யூத மரபிலிருந்து ஏற்பட்ட முறிவு பின்னரே தெளிவாகியது. யூதரல்லாதோர் திருச்சபையில் சேர்ந்தபோது உணவு விதிகளும் விருத்தசேதனமும் அவர்களுக்குத் தேவையா என்ற வினா எழுந்தது. எந்த உணவையும் தீட்டென்று சொல்லாதே என அப்போஸ்தலர் பேதுரு கண்ட காட்சியும், விருத்தசேதனம் தேவையில்லை என்று எருசலேமில் கூடிய திருச்சபைச் சங்கம் அளித்த தீர்ப்பும் அதற்கு விடையாக அமைந்தன. நம்பிக்கை கொண்டோரின் உடலே பரிசுத்த ஆவியின் ஆலயம் என்றார் பவுல். எபிரெயர் திருமுகமோ கிடாரியின் சாம்பலைக் கிறிஸ்துவின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, முன்னது உடலையும் பின்னது மனச்சாட்சியையும் தூய்மையாக்கும் என்றது. கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை அழித்தபின் யூதரிடையேயும் ஆலயம் சார்ந்த விதிகள் பல நடைமுறையில் நின்றுபோயின. மாதவிடாய்க்குப் பின் மிக்வேயில் மூழ்கும் வழக்கமோ இன்றளவும் தொடர்கிறது.

உடல்தீட்டுப் பற்றிய உணர்வு கிறித்தவத்திலும் முற்றாக மறையவில்லை. அதன் சுமை பெரும்பாலும் பெண்கள்மேல் விழுந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு, மாதவிலக்கான பெண்கள் நற்கருணையை அணுகக் கூடாது என்றார். அதே நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த திதஸ்காலியா என்னும் திருச்சபை ஒழுங்குநூல், திருமுழுக்கில் பெற்ற ஆவி மாதவிலக்கால் அகலாது என்று வாதிட்டது. பிள்ளை பெற்ற பெண்ணைக் கோவிலுக்கு அழைத்துவரும் சடங்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் நீடித்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு மன்றாட்டு நூலில் பெண்களின் தூய்மைச் சடங்கு என்றிருந்த அதன் பெயர், 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் நன்றி செலுத்தும் வழிபாடு என்று மாற்றப்பட்டது.