பிழையும் பிழைப்பும்

ஜாவா நிரலில் எஸ்க்யூஎல் கட்டளையை இரண்டு துண்டாக எழுதி ஒட்டியபோது, அட்டவணைப் பெயருக்கும் ‘வேர்’ என்ற கட்டளைச் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட மறந்துவிட்டேன். மேற்கோள் குறிக்குள் என்ன இருக்கிறது என்று ஜாவா கம்பைலர் எட்டிப் பார்ப்பதில்லை. நிரல் ஓடும்போது தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்தான் ‘சின்டாக்ஸ் எரர்’ என்றது. அதுவும் ஒட்டிக்கொண்ட இடத்தைக் காட்டாமல், தள்ளியிருந்த ‘பெரிது’ குறியைக் காட்டியது (ஒட்டிய சொல்லை ஏதோ ஓர் அட்டவணைப் பெயர் என்றே நம்பிவிட்டது, பாவம்). ‘சின்டாக்ஸ் எரர்’ என்பதை ‘இலக்கணப் பிழை’ என்று தமிழாக்குகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. சின்டாக்ஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது: ‘சின்’ என்றால் சேர்த்து, ‘டாக்சிஸ்’ என்றால் அடுக்கு. படையை அணிவகுப்பதற்கும் அதே சொல்தான். ‘டாக்டிக்ஸ்’ அதன் உறவு. ஆகவே ‘தொடரமைப்புப் பிழை’ பொருந்தும். ‘தொடர்ப்பிழை’ சுருக்கம்தான், ஆனால் ஓயாமல் வரும் பிழை என்று காதில் விழுகிறது. ‘வழு’ நல்ல பழஞ்சொல்; வழுவுதல், வழுக்குதல் எல்லாம் அதன் சுற்றம். ஆனால் கணித்தமிழ் அதை ஏற்கெனவே ‘பக்’குக்குக் கொடுத்துவிட்டது. நான் மயங்குவது ‘பிழை’யிடம்தான். பிழைத்தல் என்றால் தவறுதல். உயிர் தப்புதலும் அதுவே. குறி தவறிய அம்பும் பிழைத்தது, அதற்குத் தப்பிய மானும் பிழைத்தது. அங்கிருந்துதான் வயிற்றுப்பாட்டுக்குப் ‘பிழைப்பு’ என்ற பெயர் வந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஓர் இடைவெளியைத் தட்டினேன், நிரல் பிழைத்துக்கொண்டது.