பாறை இடுக்கில் ஒரு மயிற்சிகை

போன மே மாசம் வண்டலூருக்குத் தெற்கே ஒரு பாறைக்குன்றில் ஏறியபோது, இடுக்கில் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்த ஒரு கொத்தைப் பார்த்தேன். காய்ந்த புல்தான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். ஐப்பசி மழை ரெண்டு நாள் கொட்டிய பிறகு அதே இடத்துக்குப் போனால், கொத்து விரிந்து பச்சையாக நிற்கிறது! குட்டிப் பனைமரம் மாதிரி, ஒரு சாண் உயரம்கூட இல்லை. விசாரித்ததில் அது மயிற்சிகை என்று தெரிந்தது. நம்ம ஊர் வைத்தியத்தில் பழைய பெயர்தான். தாவரவியலில் ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா.

இது ஒரு பெரணி. பெரணி என்றதும் ஊட்டி, கொடைக்கானல், சொட்டச் சொட்ட ஈரமான சோலைக்காடு என்றுதான் நமக்கு நினைவு வரும். இது அந்த ஜாதி இல்லை. வெயில் காயும் பாறை வெடிப்பு, பழைய சுவர், புதர்க்காட்டு மேடு இதெல்லாம்தான் இதன் வீடு. ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கை என்று வறண்ட நிலங்களில் பரவியிருக்கு. இலை ரெண்டு ரெண்டாகப் பிரிந்து பிரிந்து விசிறி மாதிரி விரியும். பூ கிடையாது, விதை கிடையாது; இலைக்கீற்றின் ஓரம் கீழ்ப்பக்கமாக மடிந்து, அந்த மடிப்புக்குள் ஸ்போர்கள் இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் சுருண்டு உறங்கும், மழை பெய்தால் எழுந்துவிடும். நம்ம கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் ஸ்லீப் மோடு.

இதன் பெயருக்குப் பின்னால் நம்ம கடற்கரையும் இருக்கு. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். செடி சேர்ப்பதிலேயே வாழ்க்கையைச் செலவழித்து 1785இல் இறந்தார். அவர் கொடுத்த பெயரை சுவீடன்காரர் சுவார்ட்ஸ் பிற்பாடு அச்சில் ஏற்றினார். 1841இல் லிங்க் இப்போதைய பேரினப் பெயருக்கு மாற்றினார். கிரேக்கத்தில் அதற்கு 'கதிர்ப் பெரணி' என்று பொருள். விசிறி இலையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அடுத்தது 1863. அந்த வருஷம் மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம்தான் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோமின் 'தென்னிந்தியப் பெரணிகள்' நூல் வெளிவரத் தொடங்கியது. ஒருத்தர் கல்லைப் பார்த்தார், இன்னொருத்தர் கல்லில் முளைப்பதையும் பார்த்தார்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த பெரிய நூல்களைப் பாருங்கள். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936), மயூரநாதனின் சென்னை நகரச் செடிகள் பற்றிய 1929 நூல், ரெண்டுமே பூக்கும் தாவரங்களுக்கானவை. பூக்காத பெரணிக்கு அதில் இடம் இல்லை. அவர்கள் வேலையில் குறை ஒன்றும் இல்லை, எல்லை அப்படி. ஆனால் பட்டியலில் இல்லாததை யாரும் தேடுவதும் இல்லை, காணாமல் போனால் கேட்பதும் இல்லை.

இங்கேதான் எனக்குக் கவலை. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் குன்றுகளை வெட்டி ஜல்லியாக்கியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பாறைக்கு சார்னோக்கைட் என்று உலகப் பெயரே உண்டு. கல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், அதைச் சுற்றிப் புல்லும் வரும். ஆனால் காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் வெடித்த அந்த இடுக்கும், அதில் சேர்ந்த ஒரு கைப்பிடி மண்ணும் திரும்ப வராது. எத்தனை கோடை வந்தாலும் தாங்கும் செடிதான் இது. நிற்கப் பாறை இல்லையென்றால் எதைத் தாங்கும்?

அடுத்த மழைக்கு உங்க வீட்டுப் பக்கம் ஏதாவது குன்று மிச்சம் இருந்தால் ஏறிப் பாருங்கள். பார்த்தால் பிடுங்காதீர்கள். ஒரு போட்டோ எடுத்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கும்.