கொக்கியும் சட்டமும்

அமெரிக்க மாதிரி ரயில்களில் இன்ஜினை மெல்லப் பெட்டியோடு மோதவிட்டால், மடக்கிய விரல்கள் போன்ற இரு கொக்கிகள் தாமாகக் கவ்விக்கொள்ளும். அதன் மூலவடிவத்துக்கு வர்ஜீனியாக்காரரான ஈலை ஜேனி 1873இல் காப்புரிமை பெற்றார். அதுவரை நிஜ ரயில்களில் பெரும்பாலும் வளையமும் ஆணியும்தான். பெட்டி உருண்டு வரும்போதே பிரேக்மேன் நடுவில் நின்று, வளையத்தைக் கையால் தூக்கி எதிர்ப்பெட்டியில் நுழைத்து ஆணியை இறக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் விரல் போகும். நசுங்கிச் செத்தவர்களும் உண்டு. ஜேனியின் கொக்கி இந்த அவலத்தைத் தீர்த்தது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. காப்புரிமைக்குப் பின் கட்டாயச் சட்டம் வர 20 ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் வளையமும் ஆணியும் கைகளைத் தின்றுகொண்டே இருந்தன.

இந்தத் தாமதத்துக்கு ரயில் கம்பெனிகள் சொன்ன காரணத்தைப் புறந்தள்ள முடியாது. ஆயிரக்கணக்கான கொக்கி வகைகளுக்குக் காப்புரிமை இருந்தது. ஒன்றைத் தேர்ந்து செலவழித்து மாட்டினாலும் அடுத்த கம்பெனியின் பெட்டியோடு அது சேராது. வகைகள் கலந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆனால் இந்த வாதமே சட்டத்தின் தேவையை நிறுவிவிடுகிறது. தாமாக ஒரு வகைக்கு வர முடியாதவர்களை வரவைக்க அரசுதானே வேண்டும்? பெட்டி கட்டுவோர் சங்கம் 1880களின் இறுதியில் ஜேனி வகையைத் தரமாக ஏற்றது. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அயோவாவின் லொரென்சோ காஃபின் கட்டாயச் சட்டம் வேண்டி ஊர் ஊராகப் பேசிப் போராடினார். 1893 மார்ச் 2 அன்று குடியரசுத் தலைவர் ஹாரிசன், பெட்டிகளில் தாமாக இணையும் கொக்கிகளைக் கட்டாயமாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1898 என்றிருந்த கெடு 1900 வரை நீட்டப்பட்டது.

சட்டத்துக்குப் பிறகும் கைகள் போயினவே என்று கேட்கலாம். போயின. 1900 ஆகஸ்டில் யூட்டாவின் ப்ரோமாண்டரியில் ஜான்சன் என்ற பிரேக்மேன், இன்ஜினை உணவுப் பெட்டியோடு இணைக்கப் போய்க் கையை இழந்தார். இன்ஜினில் ஜேனி கொக்கி, பெட்டியில் மில்லர் என்ற வேறு வகைக் கொக்கி. இரண்டும் ஒன்றையொன்று கவ்வாதவை. அவர் தொடுத்த வழக்கில், இன்ஜின் சட்டம் சொல்லும் ‘பெட்டி’ ஆகாது, இரண்டிலும் தனித்தனியே கொக்கி இருந்தால் போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. சட்டம் எதற்காக வந்ததோ அதையே மறந்த தீர்ப்பு அது. ஆகவே குறை சட்டத்தில் இல்லை, அதைச் சுருக்கிப் படித்ததில் இருந்தது. 1903இல் வந்த திருத்தம் இன்ஜினையும், அதன் எரிபொருளைச் சுமக்கும் டெண்டர் வண்டியையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழைய சட்டமே இன்ஜினையும் கட்டுப்படுத்தும், கொக்கிகள் ஒன்றோடொன்று தாமாக இணைந்தாக வேண்டும் என்று சொல்லி, ஜான்சனுக்கு எதிரான தீர்ப்பை ரத்து செய்தது.