வைரம் பாய்ந்த மரமும் கடைசல் உளியும்

இராயபுரம் கடற்கரையில் நின்று, துறைமுகத்திற்குள் நுழையும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். இரும்பால் ஆன நீராவிக் கப்பல்களின் இன்றியமையாத உறுப்பு ஒன்று மரத்தால் ஆனது என்றால் நம்புவீர்களா?

கப்பலை உந்தும் விசிறியின் அச்சுத்தண்டு, பின்புறச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அங்கே அதைத் தாங்கிய பித்தளைத் தாங்கிகள் விரைவில் தேய்ந்தன. கடல்நீர் உள்ளே புகுந்தது. 1854-இல் ஜான் பென் என்ற ஆங்கிலப் பொறியாளர் இதற்கு வழி கண்டார். லிக்னம் வைட்டே என்னும் மரத்தின் பட்டைகளைத் தாங்கிக்குள் வரிசையாகப் பதித்தார். தண்டு பொருந்துமாறு அவற்றின் உட்புறம் கடைந்தெடுக்கப்பட்டது. மரத்தில் ஊறிய பிசினும் கடல்நீருமே எண்ணெயின் வேலையைச் செய்தன. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்திற்கு வந்த நீராவிக் கப்பல்கள் பலவற்றைச் சுமந்தது இந்த முறையே.

துறைமுகத்திற்குச் சற்று மேற்கே பெரம்பூரில், 1996 வரை பக்கிங்காம் கர்நாடிக் நூற்பாலை இயங்கியது. நூற்பாலைக்கு வேண்டியதோ வேறு வகை மரம். நூல் சுற்றும் பாபின் இலேசாகவும், எப்பக்கமும் ஒரே எடையாகவும் இருக்க வேண்டும். சிம்பு நீட்டினால் நூல் அறுந்துவிடும். இழை சீரான மஞ்சள் கடம்பு நம் நாட்டில் இப்பணிக்குப் பயன்பட்டது. அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் இம்மரத்தில் கடையப்பட்டவையே.

இவற்றுள் எது வன்மரம், எது மென்மரம்? இரண்டுமே வன்மரம் என்கிறது தாவரவியல்! தேவதாரு, பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். அகன்ற இலை மரங்கள் வன்மரம். நகத்தால் கீறினாலே தடம் விழும் பால்சாவும் இவ்வகையில் வன்மரமே! அதன் ஒப்படர்த்தி சுமார் 0.16, லிக்னம் வைட்டேயினதோ சுமார் 1.2. அது நீரில் மூழ்கிவிடும்.

நம் முன்னோர் வேறு விதமாகப் பார்த்தனர். வெளிப்புறம் வலிமை உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வலிமை உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. பனையும் மூங்கிலும் முதல் வகை. உள்ளே வலுத்த பகுதியைத்தான் இன்றும் 'வைரம்' என்கிறோம்.

கடைசல்காரருக்கு உதவுவது இந்தப் பார்வையே. வைரம் பாய்ந்த கட்டையை மெதுவாகச் சுழலவிட்டு, உளியால் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறார். இலேசான மரத்தை விரைவாகச் சுழற்றுகிறார். உளி மிகக் கூராக இல்லாவிட்டால் அங்கே நார் பிய்ந்துவிடும். பெயர்ப்பட்டியலைவிட உளிமுனை உண்மையை விரைவில் சொல்லிவிடும்!

ஒரு செய்தியை மறந்துவிடாதீர்கள். லிக்னம் வைட்டே மிக மெதுவாக வளரும் மரம். அளவின்றி வெட்டப்பட்டு அருகிவிட்டதால், அதன் வணிகம் இன்று பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. உளி சில மணி நேரத்தில் கடையும் வைரம், மரத்திற்குள் பாய்வதற்குப் பல தலைமுறைகள் ஆகின்றன.