சுடுகாட்டு மல்லியும் தூத்துக்குடித் துறைமுகமும்

நித்தியகல்யாணிச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு முற்றம், நந்தவனம், இடுகாடு என்று எங்கும் வளரும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஆண்டு முழுவதும் பூக்கும். ஆடு மாடுகள் அதைக் கடிப்பதில்லை. சுடுகாட்டு மல்லி என்றும் அதற்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு நேர்மாறாக, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காக்கும் மருந்து அதன் இலையில் இருக்கிறது. அந்த இலை வெளிநாடுகளுக்குக் கப்பலேறிய துறை தூத்துக்குடி.

எலிகள் காட்டிய வழி

இச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. ஜமைக்கா மக்கள் இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடித்து வந்தார்கள். 1952இல் அங்கிருந்து ஓர் உறையில் சில இலைகள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசிவழி செலுத்தியபோது எலிகள் தொற்றுநோய் கண்டு இறந்தன. காரணம் என்ன? கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன. அவற்றைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? நோபிளும் வேதியியலார் சார்லஸ் பீரும் அப்பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் லில்லி நிறுவனத்தாரும் இச்செடியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அங்கு கிடைத்த வின்கிறிஸ்டின் 1963இல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

உயிரணுவின் உள்ளே

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் குரோமோசோம்களை இரு மடங்காக்கிக் கொள்கிறது. பிறகு அவற்றை இரு பக்கமும் சரிபாதியாக இழுத்துச் செல்ல, வடங்கள் போன்ற நுண்ணிழைகள் தோன்றுகின்றன. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து உண்டாவன இவ்விழைகள். நித்தியகல்யாணி மருந்துகள் டியூபுலினைப் பற்றிக்கொண்டு அது கோவாதபடி தடுக்கின்றன. வடம் இல்லாமல் தேர் நகருமா? பிரிவு பாதியில் நின்று உயிரணு மடிகிறது.

பிரிவுக்கு வேண்டிய நொதிகளைத் தாக்கும் மருந்துகளும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளிலிருந்து மெத்தோட்ரெக்சேட் பிறந்தது. டி.என்.ஏ. கட்டுவதற்கான பொருள்களை ஆக்கித் தரும் ஒரு நொதியை அது முடக்குகிறது. டி.என்.ஏ.யின் முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் என்ற நொதியைக் குறிவைப்பது கேம்ப்டோதெசின். சீன மரம் ஒன்றில் 1966இல் கண்ட இப்பொருள், மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றிலும் நிறைய இருப்பதை 1972இல் காட்டியவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரி முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி.

ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்குத் தப்பிய உயிரணுக்கள் மீண்டும் பெருகும். ஆகவே, வெவ்வேறு இடங்களில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 1984 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம் உள்ளிட்ட மூன்று இந்திய மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட கூட்டு மருத்துவத்தில் வின்கிறிஸ்டினும் மெத்தோட்ரெக்சேட்டும் இடம்பெற்றன.

முத்துக்குப் பின் இலை

மன்னார் வளைகுடாவில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் பார்களில் போதிய சிப்பி இல்லை. ஆனால் தூத்துக்குடிக் கிட்டங்கிகளில் வேறொரு சரக்கு சேரத் தொடங்கியது. நிலாவாரை இலையை நெடுங்காலமாக ஏற்றுமதி செய்துவந்த ஊர் அது. மழையை நம்பிய திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமை மானாவாரி நிலங்களில் உழவர்கள் நித்தியகல்யாணியையும் பயிரிட்டார்கள். இலையைக் காயவைத்துச் சிப்பம் கட்டினார்கள், வேரையும் விடவில்லை. 1970களில் இலை ஹங்கேரிக்கும் அமெரிக்காவுக்கும், இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான மருந்து தரும் வேர் மேற்கு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்றன.

ஒரு முத்துக்காக எத்தனையோ சிப்பிகளை உடைத்தார்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. உழவர் இலையை எடைபோட்டு விற்றார். மருந்தோ மில்லிகிராம் கணக்கில் குப்பியில் திரும்பி வந்தது. இடையில் நின்றது வேதியியல் அறிவு. ஊதியத்தின் பெரும்பங்கு அந்த அறிவுக்கே போயிற்று.

2022இல் மற்றொரு மாற்றம் வந்தது. இம்மருந்தின் இரு பாதிகளையும் ஈஸ்ட் நுண்ணுயிரில் உண்டாக்கி, பின்னர் இணைத்து வின்பிளாஸ்டின் செய்து காட்டினார்கள் விஞ்ஞானிகள். இம்முறை தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் மருந்துப் பஞ்சம் தீரலாம். மானாவாரி உழவர் ஒரு பயிரை இழக்கவும் நேரலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இலையில் மருந்து இருக்கிறது என்று கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். நோபிளின் எலிகளைக் கொன்றதும் இதே இலைதான். அளந்து, நரம்பு வழியாக, மருத்துவர் கண்காணிப்பில் செலுத்தினால் மருந்து, இல்லையேல் நஞ்சு. ஆடு மாடுகள் இதை ஒதுக்குவது காரணம் இல்லாமல் அல்ல.