அச்சாரம்

பொருள்: ஒப்பந்தத்தை உறுதிசெய்ய முன்கூட்டிக் கொடுக்கும் தொகை.

வடமொழியின் ‘சத்யங்கார’ (வாக்கை மெய்யாக்குவது) திரிந்து ‘சஞ்சகாரம்’ ஆனது. அதுவே ‘அச்சாரம்’ எனத் தேய்ந்தது என்பர். கன்னடத்தில் ‘சஞ்சகார’ அச்சாரத்தையும் குறிக்கும், ஆபத்தையும் குறிக்கும். தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில் இரண்டு பொருளும் காதில் விழும்.

2001-இல் அங்கிருந்த தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து ரயிலேறி பெங்களூரு வேலைக்குப் போவோர் பெருகினர். காப்பகங்கள் ‘டெபாசிட்’ வாங்குவதால், பிள்ளையை வீட்டுக் காப்பகத்தில் விட்டுச் செல்பவருக்கு இச்சொல்லின் நுட்பம் தெரிந்திருப்பது நல்லது.

அச்சாரம் வேறு, முன்பணம் வேறு. அச்சாரம் வாக்குக்குப் பிணை. கொடுத்தவர் பின்வாங்கினால் இழக்க நேரிடும். முன்பணம் விலையில் ஒரு பகுதி. விற்பனை ஒப்பந்தம் ஒன்று தொடர்பான ஃபதே சந்த் வழக்கில் (1963) உச்ச நீதிமன்றம், விற்பவர் 1,000 ரூபாய் அச்சாரத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது. விலைக்கணக்கில் பெற்ற 24,000 ரூபாயை அப்படியே பறிமுதல் செய்ய விடவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் குறித்த தொகை அதற்கு உச்சவரம்பு.

ஆகவே காப்பகம் வாங்கும் ‘டெபாசிட்’ இடத்தைப் பிடித்துவைக்கும் அச்சாரமா, கடைசி மாதக் கட்டணத்தில் கழியும் முன்பணமா, பிள்ளையை நிறுத்தும்போது திரும்பி வரும் வைப்பா என்பதையும், எத்தனை நாள் முன்பு சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வழக்கு: “வீட்டுக்கு அச்சாரம் போட்டாச்சு.”