சென்னைக் கடலில் வேளை பார்த்தல்

மீன்பிடிக்க நல்ல வேளை எது என்று கேட்டால், கடலோர நகரங்கள் பலவற்றில் முதலில் புரட்டுவது ஓத அட்டவணையைத்தான். மும்பையில் அதற்குக் காரணம் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். அந்த இழுப்பின் குறுக்கே பை வடிவ வலையைக் கட்டி நிறுத்தி மீனைச் சேர்ப்பது கோலி மீனவர்களின் பழைய தொழில். திதிக் கணக்கு அவர்களுக்குத் தொழிற்கணக்கு. சென்னைக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே பெரிய ஓதத்திலும் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டரோடு நின்றுவிடும். ஆற்று முகத்துவாரங்களை விட்டுத் தள்ளினால், இந்தக் கரையில் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்தவை வேறு நான்கு: காற்று, கரையில் உடையும் அலை, கரையோர நீரோட்டம், தண்ணீரின் தெளிவு. இவற்றில் எதையும் ஆறு மாதம் முன்னதாக அச்சடித்து வைக்க முடியாது. கரையில் நின்று, அந்தந்த நாளில், அந்தந்த நாழிகையில் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்கும் அறிவைப் பழங்குடி மரபு என்று பெயரிட்டு அருங்காட்சியகத்தில் வைப்பது எளிது. ஆனால் சென்னையைப் பொறுத்தவரை அது நகரத்தோடு சேர்ந்தே வளர்ந்த அறிவு. நகரம் தன் கரையை மாற்றியபோதெல்லாம் நல்ல வேளையும் மாறியது, மீனவக் குப்பங்கள் புதிதாகக் கணக்குப் போட்டன. இதை நிறுவப் போதுமான சான்று கடந்த இருநூறு ஆண்டுகளில் கிடக்கிறது.

முதலில் அலை. ஆங்கிலேயர் 1639இல் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய கரைக்கு இயற்கைத் துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் தொலைவில் நங்கூரமிடும். அங்கிருந்து ஆளும் சரக்கும் கரை சேர, அடுத்தடுத்து உடையும் அலை வரிசைகளைத் தாண்டியாக வேண்டும். ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் நொறுங்கின. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகு, அடி தரை தட்டினாலும் நெளிந்து கொடுத்தது. அதுவும் போக முடியாத நாட்கள் இருந்தன. அப்போது கரையிலிருந்த கொடிக்கம்பத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறும். கப்பல்காரர்கள் படகை இறக்க மாட்டார்கள். அந்த நாட்களிலும் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைக் கூம்பு வடிவ ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போய் வந்தார்கள். சென்னைக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் பலர் வியந்து எழுதிய காட்சி இது. அவர்கள் வியந்தது துணிச்சலை. கவனிக்கத் தவறியது கணக்கை. பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும். ஓய்ந்ததும் சிறிது நேரம் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கரையிலிருந்தபடியே கணித்த பிறகுதான் மரம் தண்ணீரில் இறங்கும். மீன் பிடிக்கப் பழகிய கணிப்பு அது. அதையே கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகமும் தபாலும் கூலி கொடுத்து வாங்கிக்கொண்டன. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெருநகரத்தின் வாசற்படி இந்தக் கணிப்பின் மேல்தான் நின்றது.

அலைக்கு அடுத்தது காற்று. பாய் கட்டிய கட்டுமரத்துக்கு நாள் என்பது இரண்டு காற்றுகளுக்கு நடுவில் இருக்கும் நேரம். பின்னிரவில் நிலம் குளிர்ந்து, கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அதில் ஏறி இருட்டோடு வெளியே போவார்கள். முற்பகல் முடிந்து நண்பகல் நெருங்கும்போது வெயிலில் சூடான நிலம் கடற்காற்றை இழுக்கும். அதில் பாய் விரித்துத் திரும்புவார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் பலமாக அடித்தால் இந்த ஒழுங்கு கெடும். கடற்காற்று தாமதிக்கும், சில நாட்களில் வரவே வராது. நகரத்தில் அன்று புழுக்கத்தால் விசிறியைத் தேடுவார்கள். கடலில் இருப்பவர் துடுப்பாலேயே கரை சேர வேண்டும். பிடித்த மீனோ காத்திருக்காது. குப்பத்துப் பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்று முடிக்க வேண்டிய நேரம் பகல் வெயில் முற்றுவதற்குள். ஆக, எத்தனை தொலைவு போகலாம் என்பதை மீன் இருக்கும் இடம் மட்டும் சொல்லவில்லை. திரும்பும் காற்றும் விற்கும் நேரமும் சேர்ந்து சொல்லின. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அதற்கு எதிரே அலையோரத்தில் குப்பங்கள். பாதி உலகம் சுற்றி வந்த அந்தப் பனிக்கட்டி துரைமார்களின் கோப்பைக்குப் போனது. எதிரே கரையேறிய மீனுக்கு எட்டவில்லை.

வலையும் வேளையைக் கட்டிப்போட்டது. பருத்தி நூல் வலையை ஒவ்வொரு முறையும் அலசி, வெயிலில் உலர்த்தி, அவ்வப்போது மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து வைக்காவிட்டால் மக்கிவிடும். கட்டுமரத்தின் கட்டைகளும் நீர் குடித்துக் கனத்துவிடும். கயிற்றை அவிழ்த்துக் காய வைக்க வேண்டும். மழை தொடர்ந்த வாரத்தில் கடல் அமைதியாக இருந்தாலும் வலை தயாராக இருக்காது. கடற்கரை என்பது இங்கே காயப்போடும் களமும்கூட. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை விரிவாகப் பதிவு செய்தார். வலைகளையும் மரங்களையும் அவ்வளவு நுணுக்கமாக அன்றைய அதிகாரிகளில் பார்த்தவர் அரிது. கரை இப்படி வலை உலரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நகரம் வேறொரு நேரத்தில் இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மதராஸ் நேரத்தில்தான் 1905 வரை இந்திய ரயில்கள் ஓடின.

இவ்வளவும் பருவக்காற்றின் விளையாட்டுத்தானே, தென்மேற்கும் வடகிழக்கும் ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் வருகின்றனவே, இதில் நகரத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாடை தொடங்கினால் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்புவதும், ஆண்டின் பெரும்பகுதியில் அது வடக்கு நோக்கி ஓடுவதும், ஐப்பசி, கார்த்திகையில் புயல் உருவாவதும் எந்த மாநகராட்சியின் தீர்மானத்தாலும் நடப்பவை அல்ல. ஆனால் காற்று கடலில் வீசுகிறது. வேளை கரையில் தீர்மானமாகிறது. அந்தக் கரையை மனிதர்கள் மாற்றினார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்ட, கடலுக்குள் இரண்டு பெரிய கல் அணைகள் நீளத் தொடங்கின. 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது, திரும்பக் கட்டினார்கள். கிழக்கு நோக்கித் திறந்திருந்த வாயில் மணலாலும் அலையாலும் தொல்லை தந்ததால், துறைமுகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார்கள். இதற்குள் கரை தன் கணக்கைத் தீர்க்கத் தொடங்கிவிட்டது. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் இந்தக் கரையில் மணல் நகர்வது வடக்கு நோக்கி. அணை அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வர வேண்டிய மணல் வராமல் கடல் நிலத்தைத் தின்றது.

மீனவருக்கு இதன் பொருள் வெவ்வேறாக அமைந்தது. தெற்குக் குப்பங்களுக்கு அகன்ற மணற்பரப்பு கிடைத்தது. பலர் கூடிக் கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலைக்கு அது தோது. வடக்கே அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய கரையில் மரத்தை ஏற்ற முடியாது, வலையை இழுக்கவும் முடியாது. தெற்கே தொழிலுக்குப் போகத்தக்க அலை, வடக்கே அதே நாளில் மரத்தைக் கல்லில் அடித்து உடைக்கும் அலையானது. பின்னாளில் கடலுக்குள் நீளும்படி கல்லால் போட்ட தூண்டில் வளைவுகள் சில இடங்களில் மணலைத் திருப்பித் தந்தன, சில இடங்களில் அரிப்பை அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்தன. முகத்துவாரங்களின் கதையும் இதை ஒட்டியதே. கோடையில் கூவமும் அடையாறும் மணல் திட்டால் அடைபட்டு, ஐப்பசி மழை வெள்ளத்தில் உடைத்துக்கொண்டு திறக்கும். திறந்த நாட்களில் கழிமுக இறாலும் மடவையும் வெளியே இறங்கும். கலங்கிய தண்ணீரில் வலை மீனின் கண்ணுக்குப் படாது. சிறு வலைக்காரர்களுக்கு அது நல்ல வேளை. துறைமுகத்தின் தெற்கே மணல் சேரச் சேரக் கூவத்தின் வாய் மேலும் அடைபட்டது. ஆறு சாக்கடையான பிறகு, வெள்ளம் கொண்டுவந்ததை மீன் வரவு என்று சொல்ல முடியவில்லை. பருவமழை அதே மாதத்தில்தான் வந்தது. அது தந்த வேளைதான் போய்விட்டது.

நைலானும் எஞ்சினும் வந்த பிறகு இந்த அறிவுக்கு வேலை இல்லை என்பது இன்னொரு மறுப்பு, வலுவான மறுப்பும்கூட. நைலான் வலை மக்காது, உலர்த்தும் கட்டாயம் இல்லை. ஃபைபர் படகு கரைக்காற்றுக்குக் காத்திருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தபோது கட்டுமரம் சென்னையில் ஏறக்குறைய மறைந்தே போனது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் வெளியே தங்குகின்றன. ஆனால் எஞ்சின் கேள்வியை நீக்கவில்லை, மாற்றியது. முன்பு போக முடியுமா என்று பார்த்தார்கள்; இப்போது போனால் டீசலுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்கிறார்கள். காற்றில் போன மரம் வெறும் வலையோடு திரும்பினால் ஒரு நாள் உழைப்பு வீண். எஞ்சின் படகு அப்படித் திரும்பினால் கடன். நீரோட்டம் வேகமாக இருக்கும் நாளில் மிதவை வலை சுருண்டு ஒன்றோடொன்று சிக்கும் என்பதும், தெளிந்த தண்ணீரில் பகல் வலையை மீன் தவிர்க்கும் என்பதும், நிலவு இல்லாத இரவில் வலையில் மீன்பாடு கூடும் என்பதும் குதிரைத்திறனால் மாறுபவை அல்ல. நிலவைப் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் இதை யோசிக்கலாம். ஓதம் சிறிதான கரையில்கூட நிலவுக்கு வேலை உண்டு. அது வெளிச்ச வேலை.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு கடிகாரத்தை மாட்டியது. விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் நடந்த மோதல்களின் பின்னணியில் வந்த 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், விசைப்படகுகளைக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் நிறுத்தியது. காலை ஐந்து மணிக்கு மேல் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குள் திரும்பவும் சொன்னது. கடைப்பிடிக்கப்பட்டதா என்பது வேறு கதை. வேளை என்பது உரிமைத் தகராறு என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது அது. 2001 முதல் 45 நாட்கள் இருந்த தடைக்காலம், 2017இல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீண்டது. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதம், கடலில் மீன் கூடுகிறதோ இல்லையோ, ஃபைபர் படகுக்காரருக்கு விலை கூடும் பருவம். புரட்டாசியில் நகரத்தின் பெரும்பகுதி கவிச்சியைத் தள்ளி வைக்க, நல்ல பாடு கிடைத்தாலும் விலை படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு வஞ்சிரம் கரை சேர்வதும் செவ்வாய்க்கிழமை சேர்வதும் ஒன்றல்ல. இதில் எதுவும் கடலின் குணம் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செயற்கைக்கோள் இருக்கும்போது கரையில் நின்று ஏன் பார்க்க வேண்டும் என்பது கடைசியாக எழும் கேள்வி. ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கிய கடல் தகவல் சேவை மையம், கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் அளந்து மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. பயனுள்ள வேலை; புயல் எச்சரிக்கையோ உயிர் காக்கும் வேலை. ஆனால் மேகம் மூடினால் அந்தக் கருவிகளுக்குக் கடல் தெரியாது. மேகம் மூடும் மாதங்கள்தான் இந்தக் கரையில் முடிவெடுக்கக் கடினமான மாதங்கள். தவிர, மீன் எங்கே என்று சொல்லும் செய்தி, உங்கள் குப்பத்துக்கு எதிரே அலை எப்போது இடைவெளி விடும் என்று சொல்லாது. அதைப் பார்க்க ஆள் அங்கே இருக்க வேண்டும். நகரத்தின் திட்டங்கள் பெரும்பாலும் மறந்தது இதைத்தான். 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அப்புறப்படுத்த முயன்றதும், அது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்ததும், இடத் தகராறாக மட்டுமே நினைவில் நிற்கின்றன. சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் பலவற்றுக்குச் செம்மஞ்சேரியில் வீடு கொடுத்தார்கள். வீடு கல் வீடுதான், கடல் ஏறாத தூரம்தான். பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று வாசலில் நின்று பார்க்கும் வழக்கம் உள்ளவருக்கு அங்கே வாசலில் காற்று தெரியும், அலை தெரியாது. அலையைப் பார்க்கக் கரைக்கு வர வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது.